இமாம் ஷாஃபியீ (ரஹ்) துயிலும் நகரில்

 

காஹிரா என்றதும் பிரமிடுகளிலிருந்து தொடங்குவது பயணக் கட்டுரையாளர்களின் வழக்கம். நான் அவ்வாறு தொடங்கப் போவதில்லை. அவற்றையும் கண்டோம், ஒட்டகக்காரர்களின் ஓயாத தொல்லையையும் கண்டோம், அரை நாளில் திரும்பிவிட்டோம். அவை இருப்பது நதிக்கு அக்கரையில், கீஸாவில். நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது நைலின் கிழக்குக் கரையில் இருக்கும் பழைய காஹிராவுக்கு. அங்கே எனக்கு வேறொரு வேலை இருந்தது. அதைச் சொல்வதற்கு முன் என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் காயல்பட்டினம். என் வாப்பா நாற்பது ஆண்டுகள் மதரஸாவில் ஓதிக்கொடுத்தவர்கள். வரலாற்றில் இளங்கலை முடித்த பின் நானும் அதே பணிக்கு வந்தேன். என்னைவிட ஆறு வயது இளையவனான தம்பி வளைகுடாவுக்குச் சென்றான். 2009ஆம் ஆண்டு வாப்பா மௌத்தானார்கள். விமானம் தாமதமானதால் தம்பியால் ஜனாஸாவுக்கு வந்து சேர இயலவில்லை. நாற்பதாம் நாள் கத்தம் ஃபாத்திஹா ஓதுவது பற்றிப் பேச்சு எழுந்தபோது, அதற்கு மார்க்கத்தில் ஆதாரமில்லை என்று அவன் அமைதியாகத்தான் சொன்னான். உறவினர் பலர் அமர்ந்திருந்த சபையில், "வாப்பாவுக்கு மண் போட வராதவன் எங்களுக்கு மார்க்கம் சொல்ல வந்தாயோ?" என்று நான் கேட்டுவிட்டேன். அவன் எழுந்து போனான். அதன் பிறகு பெருநாளில் ஸலாம் சொல்லிக்கொள்வோம். பிள்ளைகளின் நிக்காஹுக்குப் பத்திரிகை அனுப்பிக்கொள்வோம். ஒரு ஸஹனில் கை வைத்து உண்டதில்லை. பதினான்கு ஆண்டுகள்!

எழுபத்து மூன்று வயதான எங்கள் உம்மா ஒரு நாள் இருவருக்கும் தொலைபேசியில் ஒரே செய்தியைச் சொன்னார்கள். "நான் உம்ரா போகணும். ரெண்டு மகன்மாரும் கூட வந்தால்தான் போவேன். திரும்பும்போது மிஸ்ருக்குப் போய் உங்கள் வாப்பாவுடைய ஸலாமை இமாமுக்குச் சொல்லிவிட்டு வரணும்." வாப்பாவின் வாழ்நாள் ஆசை அது. பயணச் செலவைத் தம்பி ஏற்றுக்கொண்டான். "காக்காவுக்கும் சேர்த்துத்தான்" என்று உம்மாவிடம் சொன்னானாம், என்னிடம் சொல்லவில்லை.

2024 ஜனவரி இறுதி, ரஜப் மாதம். ஹரமைன் ஷரீஃபைனில் கடமைகளை முடித்துக்கொண்டு ஜித்தாவிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பறப்பில் காஹிராவை அடைந்தோம். இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் நெருங்கி வாழும் மாநகரம். குளிர் கடுமையாக இருந்தது. அல்அஸ்ஹரில் பயிலும் எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருவர் வழிகாட்டியாக வந்தார்.

எங்கள் ஊர் மூத்தோர் காயலைக் 'காஹிர் ஃபத்தன்' என்று எழுதுவார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் மிஸ்ரிலிருந்து மரக்கலமேறி வந்தவர்கள் தங்கள் ஊரின் நினைவாக இட்ட பெயர் என்பது எங்கள் மரபு. சிறு வயதில் அதை நம்பினேன். கல்லூரியில் வரலாறு படித்தபோது ஐயம் தோன்றியது. ஏனெனில் அல்காஹிரா என்னும் நகரம் ஃபாத்திமிய்யாக்களின் தளபதி ஜவ்ஹரால் 969இல்தான் நிறுவப்பட்டது. அதற்கு முன் மிஸ்ரை விட்டுப் புறப்பட்டோர், புறப்பட்டிருந்தால், ஃபுஸ்தாத் நகரத்தவராகத்தான் இருக்க வேண்டும். இதை வாப்பாவிடம் ஒருமுறை சொன்னேன். "போய்ப் பார்த்துவிட்டுச் சொல்" என்று சிரித்தார்கள். ஆகவே முதல் நாள் ஃபுஸ்தாதுக்கே சென்றோம்.

ஹஸ்ரத் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் மிஸ்ரை வென்றதும் கூடாரம் அடித்த இடம் அது. அங்கே ஹிஜ்ரி 21இல், அதாவது கி.பி. 642 வாக்கில், பேரீச்சந் தண்டுகளையும் பச்சைச் செங்கல்லையும் கொண்டு எழுப்பப்பட்ட பள்ளிவாசலே ஆப்பிரிக்கக் கண்டத்தின் முதற்பள்ளி என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இன்று நாம் காண்பது அந்தக் கட்டடமன்று; பலமுறை விரிவாக்கப்பட்டும் புதுப்பிக்கப்பட்டும் உருமாறியது. ஆயினும் இடம் அதுவே. தூண்களுக்கிடையே நின்றபோது எனக்குச் சிலிர்த்தது; அதற்குக் காரணம் வேறு. இமாம் ஷாஃபியீ (ரஹ்) அவர்கள் தம் இறுதி ஐந்தாண்டுக் காலம் பாடம் நடத்தியது இந்தப் பள்ளியில்தான். நாங்கள் ஊரில் ஓதிக்கொடுக்கும் ஒவ்வொரு மஸ்அலாவும் இங்கிருந்து புறப்பட்டு, கை மாறிக் கை மாறி எங்கள் மதரஸாவின் பாய் வரைக்கும் வந்தது.

இமாமவர்கள் ஹிஜ்ரி 150இல் காஸாவில் பிறந்தவர்கள். அதே ஆண்டில்தான் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) மறைந்தார்கள். காஸா என்று எழுதும்போதே கை நடுங்குகிறது; நாங்கள் காஹிராவில் இருந்த அந்த நாட்களில் ஒவ்வொரு தேநீர்க் கடைத் தொலைக்காட்சியிலும் அந்த ஊரின் இடிபாடுகள்தாம் தெரிந்தன. மக்காவில் வளர்ந்து, மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் ஓதி, இராக்கில் தம் கருத்துகளை வகுத்து, ஐம்பதை நெருங்கும் வயதில் மிஸ்ருக்கு வந்தார்கள். வந்த பின் தம் தீர்ப்புகள் பலவற்றைத் தாமே மாற்றிக்கொண்டார்கள். இராக்கில் சொன்னது 'கதீம்', மிஸ்ரில் சொன்னது 'ஜதீத்'. மதரஸா மாணவர்கள் அனைவரும் அறிந்த செய்திதான். மஃரிபின் நேரம் பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வானம் மறையும் வரை நேரம் உண்டு என்பது பழைய சொல். பாங்கு சொல்லி, ஒளூச் செய்து, சில ரக்அத்துகள் தொழும் அளவுக்கே நேரம் என்பது புதிய சொல். பின்வந்த ஷாஃபியீ அறிஞர்களோ ஹதீஸின் வலுவைக் கருதிப் பழைய சொல்லையே இதில் தேர்ந்தெடுத்தார்கள்.

இதை உம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். சற்றுத் தள்ளித் தூணில் சாய்ந்திருந்த தம்பி, "இமாம் தம் சொல்லை மாற்றினார்கள், மாணவர்கள் இமாமின் சொல்லை மாற்றினார்கள். யாரும் யாரையும் சபையிலிருந்து எழுப்பவில்லை" என்றான். சுவரைப் பார்த்துத்தான் சொன்னான். நான் பதில் சொல்லவில்லை.

அப்பள்ளியிலிருந்து சிறிது நடந்தால் கிப்தி கிறிஸ்தவர்களின் பழைய குடியிருப்பு. ரோமானியர் கோட்டையின் வாயிற் கோபுரங்களுக்கு மேலே தளமிட்டுக் கட்டப்பட்டதால் 'தொங்கும் தேவாலயம்' என்று பெயர் பெற்ற அல்முஅல்லகா அங்கே உள்ளது. பைசாந்தியரின் கொடுமைக்கு அஞ்சி ஒளிந்து வாழ்ந்த கிப்தித் தலைமைக் குரு பெஞ்சமினை அம்ர் (ரலி) அவர்கள் அபயமளித்து வரவழைத்ததை அவர்களுடைய வரலாற்றாசிரியர்களே எழுதி வைத்துள்ளார்கள். படிகள் மிகுதி என்பதால் உம்மா கீழேயே அமர்ந்துகொண்டார்கள்.

அதனருகே பென் எஸ்ரா என்னும் பழைய யூத ஆலயம். புதுப்பிப்புப் பணி முடிந்து 2023இல்தான் திறந்திருந்தார்கள். இங்கே நான் நெடுநேரம் நின்றேன். இறைவனின் பெயர் எழுதப்பட்ட தாளை எறியக்கூடாது என்பது யூதர்களின் வழக்கம். அதனால் கிழிந்த ஏடுகளையும் பழைய கடிதங்களையும் ஓர் அறையில் போட்டு வைத்தார்கள். நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த அவை ஏறத்தாழ நான்கு லட்சம் துண்டுகள்! சாலமன் ஷெக்டர் என்னும் அறிஞர் 1896-97இல் பெரும் பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு சென்றார். அவற்றில் நம் நாட்டு வாணிபக் கடிதங்களும் இருந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி, வெண்கலப் பட்டறை நடத்தி, இந்தியப் பெண்ணை மணந்து வாழ்ந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற துனீசிய யூத வணிகரின் கடிதங்கள் அவை. மிளகும் பாக்கும் இரும்பும் இங்கிருந்து போயின. அங்கிருந்து அவருக்கு வந்த பொருள்களில் எழுதும் தாளும் ஒன்று. ஓலையில் எழுதும் நாட்டில் தாளுக்கு அவர் எங்கே போவார்?

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு மண்பானை இருந்தது. முஸ்ஹஃபின் கிழிந்த ஏடுகளையும் அரபு எழுத்துள்ள எந்தத் துண்டுத் தாளையும் வாப்பா அதில்தான் போடுவார்கள். நிரம்பியதும் எடுத்துச் சென்று மண்ணில் புதைப்பார்கள். அதைத் தம்பிக்கு நினைவூட்டினேன். "மரப்பெட்டிக்குப் பின்னால் இருக்குமே" என்றான். அந்தப் பயணத்தில் நாங்கள் இருவரும் உம்மாவின் இடையீடின்றிப் பேசிக்கொண்ட முதற்பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாம் நாள் அல்அஸ்ஹர். 970இல் தொடங்கி 972இல் முடிக்கப்பட்ட பள்ளி. இன்று ஸுன்னத் வல் ஜமாஅத்தின் பெருங்கோட்டையாக நாம் போற்றும் இக்கலைக்கூடம் இஸ்மாயீலி ஷியாக்களான ஃபாத்திமிய்யாக்களால் எழுப்பப்பட்டது என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. ஸுல்தான் ஸலாஹுத்தீன் ஆட்சிக்கு வந்ததும் இங்கு ஜும்ஆ நிறுத்தப்பட்டது. 1266இல் பைபர்ஸ் காலத்தில்தான் மீண்டது. பளிங்கு முற்றத்தில் மாணவர்கள் வட்டமாக அமர்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். ஆப்பிரிக்க முகங்கள், மலாய் முகங்கள், இடையிடையே நம்மவர் முகங்கள். ஒரு வட்டத்தின் விளிம்பில் போய் அமர்ந்தேன். உஸ்தாத் கேட்ட கேள்விக்கு விடை எனக்குத் தெரிந்திருந்தது. நாற்பத்தேழு வயதில் கையை உயர்த்த வெட்கமாயிருந்தது.

அன்று பிற்பகல் அல்முயிஸ் வீதியில் நடந்தோம். கட்டடக் கலையில் ஈடுபாடுள்ளோருக்கு அவ்வீதிக்கே ஒரு வாரம் வேண்டும். எங்களுக்கு இருந்தது மூன்று மணி நேரம், உம்மாவின் முழங்கால் வலி வேறு. பிரிந்து சென்ற குறுகிய சந்து ஒன்றைப் பார்த்து, "நம்ம ஊர் முடுக்கு மாதிரியே இருக்கு" என்றார்கள். எங்கள் ஊரில் பெண்கள் நடமாடுவதற்கென்றே வீடுகளுக்கிடையே முடுக்குகள் உண்டு என்பதை அறிந்தோர் அறிவர். பக்கத்திலுள்ள குர்னுஃபிஷ் பகுதியில் கஅபாவின் கிஸ்வாவை நெய்த பழைய கூடத்தை வெளியிலிருந்து கண்டோம். 1962 வரை அந்தப் புனிதப் போர்வை இங்கிருந்துதான் சென்றுகொண்டிருந்தது. முந்தைய வாரம் கஅபாவின் திரையை எட்ட நின்று பார்த்துக் கண்ணீர் வடித்த உம்மா, இந்த நிறம் மங்கிய சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றார்கள். தம்பி ஏதாவது சொல்வானோ என்று எனக்கு உள்ளூர அச்சம். சுவரைத் தொடுவதற்கும் அவனிடம் ஒரு விளக்கம் இருக்கக்கூடும் அல்லவா? அவன் ஒன்றும் சொல்லவில்லை. உம்மாவின் செருப்பு வார் கழன்றிருந்ததைக் குனிந்து மாட்டிவிட்டான்.

மூன்றாம் நாள் காலை ஸுல்தான் ஹஸன் மதரஸா. 1356இல் தொடங்கப்பட்டது. கோட்டையின் அடிவாரத்தில் மலை போல் நிற்கிறது. நடுவில் திறந்த முற்றம். அதன் மையத்தில் குமிழ்க் கூரையுடன் நீர்த்தடாகம். நான்கு பக்கமும் வானளாவிய நான்கு வளைவு மண்டபங்கள். நான்கு மூலைகளிலும் நான்கு மத்ஹபுகளுக்கும் தனித்தனி மதரஸா. ஹனஃபி மாணவரும் ஷாஃபியீ மாணவரும் மாலிகியும் ஹன்பலியும் தத்தம் கதவைத் திறந்துகொண்டு இந்த ஒரே முற்றத்துக்குத்தான் வந்திருக்க வேண்டும். ஷாஃபியீ மதரஸாவின் கதவு எது என்று தேடிக் கண்டுபிடித்துக் குழந்தை போல் அதன் முன் நின்றேன். தம்பி தன் கைப்பேசியில் என்னைப் படம் எடுத்தான். நான் கேட்கவில்லை.

ளுஹருக்குப் பின் இமாமவர்களின் அடக்கத் தலத்துக்குப் புறப்பட்டோம். அது இருப்பது கராஃபா என்னும் பெரும் மையவாடிப் பகுதி. அடக்கத் தலங்களுக்கிடையே மக்கள் குடும்பத்தோடு வாழும் விந்தையான ஊர். புதிய சாலைகளுக்கும் பாலங்களுக்குமாக 2020 முதல் அங்கே பழைய கட்டடங்கள் பல இடிக்கப்பட்டுள்ளன. வழியெங்கும் பாதி உடைந்த சுவர்களையும் எழுத்துப் பொறித்த கற்களையும் கண்டோம். பெருநகருக்குச் சாலை வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆயினும் மனம் கனத்தது.

1211இல் ஸுல்தான் அல்காமில் எழுப்பிய பெரிய குவிமாடம் தொலைவிலேயே தெரிந்தது. மரத்தால் கட்டி ஈயத் தகடு வேய்ந்தது. அதன் உச்சியில் பிறை இருக்குமிடத்தில் செம்பாலான ஒரு சிறு படகு! பறவைகளுக்குத் தானியம் வைப்பதற்கு என்பர். இமாமின் கல்விக் கடலுக்கு அடையாளம் என்பாரும் உண்டு. கடற்கரை ஊர்க்காரர்களான எங்களுக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

உள்ளே, சில ஆண்டுகளுக்கு முன் செப்பனிடப்பட்ட வண்ணக் கூரையின் கீழ், இமாமவர்களின் கப்ருக்கு மேல் அமைந்த மரக்கூடு. 1178இல் ஸலாஹுத்தீன் காலத்தில் செதுக்கப்பட்டது. வழிகாட்டிய மாணவர், "இது தேக்கு" என்றார். நேயர்களே, தேக்கு மிஸ்ரில் வளரும் மரமன்று. கிழக்கே கடல் கடந்துதான் வந்திருக்க வேண்டும். நம் மேற்குக் கரையிலிருந்து தேக்கு அரபு நாடுகளுக்கு ஏற்றுமதியானதை நூல்களில் படித்திருக்கிறேன். அந்த மரத்தின் மணம் வருமோ என்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். அத்தரின் மணம்தான் வந்தது.

சுற்றுத் தடுப்பின் இடுக்கில் மடித்த தாள்கள் செருகப்பட்டிருந்தன. இமாமுக்குக் கடிதம் எழுதுவது மிஸ்ரு மக்களின் பழைய வழக்கம். அநீதி இழைத்தவர்கள்மீது முறையீடு, நோய், வழக்கு எனத் தபாலிலேயே அனுப்புவார்களாம். ஸய்யித் உவைஸ் என்னும் சமூகவியல் அறிஞர் 1960களில் அக்கடிதங்களை ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார். தம்பி அத்தாள்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "காக்கா, நான் அன்று சொன்னது இதைப் போன்றவற்றைத்தான்" என்றான் மெல்லிய குரலில்.

உண்மையைச் சொல்கிறேன். அந்தத் தாள்கள் எனக்கும் உவப்பாக இல்லை. ஸியாரத் நபிவழி என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் தேவையைக் கேட்பது அல்லாஹ்விடம் என்றுதான் நானும் என் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். "இதில் நீ சொல்வது சரி" என்றேன். அவன் சிறிது திடுக்கிட்டான். அவ்வளவு எளிதாக நான் சொல்வேன் என்று எதிர்பார்க்கவில்லை போலும். எனக்குமே அது வியப்புத்தான்.

உம்மா தடுப்பருகே நின்று, எங்கள் ஊர்ப் பேச்சிலேயே ஸலாம் சொன்னார்கள். வாப்பாவின் பெயரைச் சொல்லி, அவர்களுடைய ஸலாமையும் ஏற்றிவைத்தார்கள். நான் யாஸீன் ஓதினேன். தம்பி ஓதவில்லை. கப்ருவாசிகளுக்கு ஸலாம் கூற நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த துஆவை நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டு, கைகளைத் தொங்கவிட்டபடி நின்றான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. வாப்பாவின் கப்ருக்கு முன் அவன் எவ்வாறு நின்றிருப்பான் என்பதை நான் பார்த்ததில்லை. அவனோடு அங்கே போனதே இல்லை அல்லவா?

வெளியே வந்து படியில் அமர்ந்தோம். பையிலிருந்து வாப்பாவின் கிதாபை எடுத்தேன். மலபாரின் ஸைனுத்தீன் மக்தூம் எழுதிய ஃபத்ஹுல் முயீன். அச்சிட்ட இடம் மிஸ்ரு என்று முகப்பில் இருந்தது. அட்டை போய்விட்டது, ஓரங்களைக் கறையான் தின்றிருக்கிறது. வாப்பா ஓதிக்கொடுத்த அந்தக் கிதாபை இமாமின் வாசலில் ஒருமுறை திறந்துவிட வேண்டும் என்பதுதான் தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட என் வேலை.

தம்பி கையை நீட்டினான். கொடுத்தேன். ஏடுகளைப் புரட்டியவன் ஒளூவின் பாடத்தில் நின்றான். ஓரத்தில் வாப்பாவின் சிற்றெழுத்து, அரபுத் தமிழில். வாப்பாவிடம் ஓதியவர்கள் அதை மறப்பதில்லை. ஆயினும் நெடுநாள் பழக்கம் விட்டதால் எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தான். 'இளையவன் இன்று ஒளூவின் ஃபர்ளு ஆறையும் பிழையின்றிச் சொன்னான். அல்ஹம்துலில்லாஹ்.' கீழே ஹிஜ்ரி 1414 என்று இருந்தது. அப்போது அவனுக்குப் பதினோரு வயது. அந்தக் கிதாபைப் பதினான்கு ஆண்டுகளாக நாள்தோறும் புரட்டுகிறவன் நான். அந்தக் குறிப்பை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். ஒரு முறைகூட அவனுக்கு எழுதியதில்லை.

"தம்பி, அன்று சபையில் நான் கேட்டது..." என்று தொடங்கினேன்.

"விமானம் தாமதமாகாமல் இருந்தால் நானும் மண் போட்டிருப்பேன், காக்கா" என்றான். பிறகு, "அதை இனிப் பேச வேண்டாம்" என்றான். உம்மா எங்களிருவருக்கும் நடுவில் அமர்ந்து, எதுவும் காதில் விழாதவர்கள் போல் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

நாற்பதாம் நாள் பற்றி நாங்கள் இன்னும் ஒரு கருத்துக்கு வரவில்லை. வருவோம் என்றும் தோன்றவில்லை. அன்றிரவு விடுதிக்குப் பக்கத்துக் கடையில் குஷரி வாங்கினோம்; சோறும் பருப்பும் மாவுக்குழலும் கலந்து, மேலே பொரித்த வெங்காயம் தூவிய ஏழைகளின் உணவு. மூன்று கிண்ணங்களில் தந்தார்கள். உம்மா மூன்றையும் ஒரே தட்டில் கொட்டினார்கள்.

திரும்பும் நாளில் விமான நிலையத்தில் விடைபெறும்போது தம்பி அந்தக் கிதாபைக் கேட்டான். அட்டை கட்டித் தருவதாகச் சொன்னான். தயங்கினேன், கொடுத்துவிட்டேன். இப்போது மாணவர்களுக்குப் புதிய அச்சுப் பிரதியை வைத்துத்தான் பாடம் நடத்துகிறேன். பக்க எண்கள் மாறிப்போய்ச் சற்றுத் தடுமாறுகிறது.